காலைக் கைவிட்ட அரணைகள்

எங்கள் வேலூர்ப் பக்கம் தரையில் நெளிந்து ஓடுவது எதுவானாலும் முதலில் அது பாம்பு. கம்பை எடுத்த பிறகுதான் மற்றக் கேள்வியெல்லாம். அணைக்கட்டு, ஒடுகத்தூர் தாண்டி மலையேறிவிட்டால் இந்தப் பயத்தைக் குறை சொல்லவே முடியாது. சாலை சரியாக எட்டாத மலையூரில் ஒருவரை விரியன் கடித்தால், தூக்கிக்கொண்டு கீழே இறங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். ஆனால் அந்தப் பயத்தில் விழும் அடியில் விஷமில்லாத பாம்புகளும் சாகின்றன, பாம்பே அல்லாதவையும் சாகின்றன. இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். குறிப்பாக, காலே இல்லாமல் மண்ணுக்குள் வாழும் அரணைகளைப் பற்றி.

அரணை நமக்குப் புதிதல்ல. கொல்லையில், வேலியோரத்தில், கிணற்று மேட்டில் வெயில் காயும். பாம்பராணி என்றும் சொல்வோம். கழுத்து என்று தனியாகத் தெரியாத உடம்பு, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் செதில். ‘அரணை கடித்தால் மரணம்’ என்ற பழமொழியைக் கேட்டே வளர்ந்திருப்போம். அரணைக்கு விஷமே கிடையாது. கடிக்கவும் பெரும்பாலும் வராது, ஓடத்தான் பார்க்கும். இந்த ஒரு பழமொழி கொன்ற அரணைகளுக்குக் கணக்கே இருக்காது.

உலகத்தில் அரணைக் குடும்பத்தில் 1,700க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. பல்லிகளில் இவ்வளவு பெரிய குடும்பம் வேறில்லை. இந்தக் குடும்பத்துக்கு ஒரு விசித்திரமான போக்கு உண்டு. மண்ணுக்குள் இறங்கும் கிளைகள் பலவும் காலைச் சுருக்கிக்கொண்டே போகின்றன. சிலவற்றில் விரல் குறைகிறது, சிலவற்றில் முன்னங்கால் போய்விடுகிறது, சிலவற்றில் ஒன்றுமே மிச்சமில்லை. ஆப்பிரிக்காவில், இலங்கையில், பிலிப்பைன்ஸில், ஆஸ்திரேலியாவில், நம்முடைய கிழக்குத் தொடர்ச்சி மலையில் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாக இது நடந்திருக்கிறது. பல்லி, பாம்பு வகைகளை மொத்தமாக எடுத்துக்கொண்டால், நீண்ட உடம்பும் குறுகிய அல்லது இல்லாத காலுமாக மாறுவது 25 முறைக்கும் மேல் நடந்திருக்கிறது. பாம்பு அதில் ஒரு கிளை மட்டுமே.

இந்த மாற்றம் எப்படித் தொடங்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். புள்ளி அரணை வேலூர் வீட்டுத் தோட்டத்திலேயே கிடைக்கும். வாழைக்கட்டையைப் புரட்டினால், எருக்குழி ஓரத்தைக் கிளறினால், சில சமயம் பூந்தொட்டியைத் தூக்கினால்கூட அடியில் இருக்கும். குட்டியாக இருக்கும்போது வால் பளிச்சென்று செந்நிறமாக இருக்கும், வளர்ந்தால் மங்கிவிடும். முதுகில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடும். நான்கு காலும் உண்டு, விரல்களும் உண்டு. ஆனால் உடம்பின் நீளத்துக்கு அந்தக் கால்கள் எடுபடவே இல்லை. முன்னங்காலைப் பின்னோக்கியும் பின்னங்காலை முன்னோக்கியும் உடம்போடு ஒட்டிப் பிடித்தால் இரண்டும் சந்திக்காது, நடுவில் பெரிய இடைவெளி விழும். மெதுவாகப் போகும்போது காலை ஊன்றி நடக்கும். துரத்தினால் நான்கையும் விலாவோடு ஒட்டி மடித்துக்கொண்டு சருகுக்குள் நெளிந்தே போய்விடும். அவசரம் வந்தால் கால் அதற்கு ஒரு தொந்தரவு.

கண்ணையும் கவனிக்க வேண்டும். அதன் கீழிமையில் கண்ணாடிபோல ஒரு சிறிய வட்டம் இருக்கும். இமையை மூடினாலும் அதன் வழியே பார்க்கலாம். மண்ணும் தூசியும் கண்ணில் விழாமல் பார்வை மட்டும் கிடைக்கிறது. மண்ணுக்குள் முழுதாக இறங்கிவிட்ட அரணைகளில் இந்த மாற்றம் இன்னும் நீண்டு, கண்ணே சிறுத்து, செதிலுக்கு அடியில் போய்விடுவதும் உண்டு. காதுத் துளையும் அப்படித்தான். மேலே வாழும் அரணைக்குக் காது பளிச்சென்று தெரியும், மண்ணுக்குள் போனவற்றில் பலவற்றுக்கு அது மூடியிருக்கும்.

கால் ஏன் போகிறது? மண்ணுக்குள் நகர்வது மேலே ஓடுவதைப் போல அல்ல. ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் தடிமன் அளவுக்கு மண்ணை விலக்க வேண்டும். தடிமன் கூடக்கூட வேலை கூடுகிறது. அதனால் அதே எடையை ஒல்லியாக, நீளமாக இழுத்துக்கொண்ட உடம்புக்கு லாபம். நீளம் வருவது பெரும்பாலும் முதுகெலும்புக் கண்ணிகள் கூடுவதால். உள்ளிருக்கும் உறுப்புகளும் அதற்கேற்ப நீண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் உட்காருகின்றன. துளைக்கும் வேலை முழுவதும் தலைக்குப் போய்விடுகிறது. மூக்கு நுனியில் ஒரு பெரிய தடித்த செதில், அதற்குக் கீழே உள்வாங்கிய கீழ்த்தாடை. முட்டித் தள்ளும்போது வாய்க்குள் மண் புகாது. தலைக்கு நேர் பின்னால் துருத்தி நிற்கும் முன்னங்கால்தான் இந்த வேலைக்கு முதல் இடைஞ்சல். ஆஸ்திரேலியாவின் லெரிஸ்டா அரணைகளில் முன்னங்கால்தான் பெரும்பாலும் முதலில் சிறுத்துப் போகிறது என்பது இதோடு நன்றாகப் பொருந்துகிறது.

லெரிஸ்டாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நெருங்கிய வகைகள் சேர்ந்த இந்த ஒரு பேரினத்துக்குள்ளேயே ஐந்து விரலோடு நான்கு காலும் உள்ளவை, மூன்று விரல் உள்ளவை, இரண்டு விரல் உள்ளவை, பின்னங்கால் மட்டும் உள்ளவை, ஒன்றும் இல்லாதவை என்று எல்லாப் படிகளும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மரபணுக்களை வைத்துக் கணக்கிட்டதில், ஐந்து விரல் காலிலிருந்து முழுக்கக் காலில்லாத நிலைக்கு வர 36 லட்சம் ஆண்டுகள் போதுமாக இருந்திருக்கிறது. நிலவியல் கணக்கில் இது மிகக் குறைந்த காலம். பக்கத்து இலங்கையில் நெஸ்ஸியா என்ற பேரினம் இதே கதையைச் சொல்கிறது. அந்தத் தீவுக்கே உரிய மண்ணடி அரணைகள் அவை. சிலவற்றுக்குக் குட்டையான நான்கு கால், சிலவற்றுக்கு அதுவும் இல்லை.

வெளியே கால் இல்லை என்றாலும் உள்ளே தோள், இடுப்பு எலும்புகளின் துண்டுகள் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். நம் மலைப்பாம்புக்குக்கூட கழிவுத் துளையின் இரு பக்கமும் நகம்போல இரண்டு முள் இருப்பது பழைய பின்னங்காலின் மிச்சம்தான். காலை வளர்க்கும் மரபணு பாம்புகளில் தொலைந்துபோகவில்லை. அதைக் காலுக்காக முடுக்கிவிடும் பகுதிதான் சிதைந்திருக்கிறது. 2016-இல் அந்தப் பகுதியைப் பாம்பிலிருந்து எடுத்து எலியில் மாற்றி வைத்துப் பார்த்தார்கள், எலிக்குக் கால் சரியாக வளரவில்லை. காலில்லாப் பல்லிகள் எல்லாமே இதே வழியில் காலை இழந்தன என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரே மாதிரி உடம்புக்கு வேறு வேறு வழிகளில் வந்து சேர்ந்திருக்கின்றன.

போன கால் திரும்பி வராது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். பிலிப்பைன்ஸின் பிராக்கிமெலிஸ் அரணைகள் அந்த எண்ணத்தை ஆட்டிவிட்டன. 2020-இல் வந்த ஆய்வின்படி, இவற்றின் முன்னோர் சுமார் 6.2 கோடி ஆண்டுகளுக்கு முன் வறண்ட காலத்தில் காலை இழந்தன, சுமார் 2.1 கோடி ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்து மண் ஈரமானபோது சில கிளைகள் காலைத் திரும்பப் பெற்றன. காய்ந்த பொலபொல மண்ணில் நெளிவது சுலபம், ஈரம் ஏறி இறுகிய மண்ணில் கால் கைகொடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அப்படியானால் மழை கொட்டும் மலைக்காட்டில் காலில்லா அரணை எப்படி வாழ்கிறது என்று கேட்கத் தோன்றும். ஈரமா வறட்சியா என்பதைவிட மண் இளகி இருக்கிறதா என்பதுதான் இங்கே முக்கியம் என்று எனக்குப் படுகிறது. வருஷக்கணக்காகச் சருகு விழுந்து மக்கி, மண்புழுவும் கரையானும் புரட்டிப்போட்ட காட்டு மண்ணில் விரலை விட்டால் முழுவிரலும் இறங்கும். கீழே இருக்கும் ஏர் படாத தரிசில் கடப்பாரை போட்டால்கூட எகிறும்.

அந்த மலைக்காட்டு மண்ணில் வாழும் காலில்லா அரணைகளுக்கு நல்ல உதாரணம் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கென்யாவின் தைத்தா குன்றுகளில் தொடங்கித் தான்சானியாவின் உட்சுங்வா மலை வரை வளைந்து கிடக்கும் பழம்பாறை மலைகளை ‘கிழக்கு வில் மலைகள்’ என்கிறார்கள். இந்தியப் பெருங்கடல் காற்று கொண்டுவரும் ஈரம் இந்த மலைகளில் மோதி மழையாகிறது. சுற்றிலும் காய்ந்த சமவெளி, மேலே மட்டும் பசுங்காடு. மெலனோசெப்ஸ் என்ற காலில்லா அரணைப் பேரினத்தின் பல வகைகள் இந்தப் பக்கத்தில் வாழ்கின்றன. அதில் ஒன்றுக்கு உட்சுங்வா மலையின் பெயரையே வைத்து 1942-இல் விலங்கியலாளர் ஆர்தர் லவ்ரிட்ஜ் அறிவியலுக்கு முதன்முதலாக விவரித்தார். மக்கிய மரத்தடியிலும் சருகடி மண்ணிலும் பூச்சி, புழு தின்று வாழும் கரும்பழுப்பு உயிர்கள்.

இப்படிப்பட்ட ஓர் உயிர் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் உள்ள வெயில் காயும் சமவெளியைக் கடக்க வேண்டும். பறக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. மேலே வந்தால் காய்ந்தே செத்துவிடும். அதனால் ஒவ்வொரு மலையும் தன் பங்குக்கு ஒரு தனி வகையை வளர்த்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். புலி, யானையைப் போல ‘இங்கே அழிந்தால் அங்கே இருக்கிறது’ என்று சொல்லித் தேற்றிக்கொள்ள இவற்றில் வழியில்லை. ஒரு மலையின் மண் போனால் அந்த வகையே போய்விடும்.

நம் பக்கத்து மலைகளின் அமைப்பும் இதேதான். கோதாவரிக்கு வடக்கே கிழக்குத் தொடர்ச்சி மலை ஓரளவு தொடர்ந்து, அடர்ந்து கிடக்கிறது. தெற்கே வர வர அது துண்டு துண்டாகிவிடுகிறது. ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று தனித்தனியாக நிற்கின்றன. ஜவ்வாதுக்கும் ஆந்திர எல்லை மலைகளுக்கும் நடுவே பாலாறு. அதன் கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று ஊரும் தோல் தொழிற்சாலையும் நெடுஞ்சாலையும். ஒரு மண்ணடி உயிர் இதைக் கடந்து போவது நடக்காத காரியம்.

இந்தியாவில் முழுக்கக் காலில்லா அரணை என்று தெரிந்தவை பார்குடியா, செப்சோஃபிஸ் என்ற இரண்டு பேரினங்கள்தான். இரண்டுமே கிழக்குத் தொடர்ச்சி மலையையும் அதை ஒட்டிய கடற்கரையையும் சேர்ந்தவை, ஆந்திராவின் வடகோடியிலும் ஒடிசாவிலும் கிடைத்தவை. பார்குடியாவின் ஒரு வகை 1801-லேயே ஜெர்மன் இயற்கையியலாளர் ஷ்னைடர் விவரித்தது, விசாகப்பட்டினத்தைச் சேர்ந்தது. இன்னொன்றை 1917-இல் நெல்சன் அன்னண்டேல் ஒடிசாவின் சில்கா ஏரிக்குள் இருக்கும் பார்குடா தீவிலிருந்து விவரித்தார். பேரினத்தின் பெயரும் அந்தத் தீவிலிருந்து வந்ததுதான். அதற்கு முந்தைய வருஷம்தான் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கி, அவர் அதன் முதல் இயக்குநராகியிருந்தார். மரத்தடியின் குளிர்ந்த, இளகிய மண்ணில் கிடக்கும் உயிர் இந்தப் பார்குடா அரணை.

செப்சோஃபிஸின் கதையில் நம் வேலூர் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டமும் வந்து சேர்கிறது. ராணுவத்தில் இருந்து வனத்துறைக்கு வந்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம், சென்னை மாகாணக் காடுகளின் பொறுப்பில் 1882 வரை இருந்தவர். மாகாணம் முழுக்க மலை மலையாக ஏறி, செடியும் பாம்பும் பல்லியும் சேகரித்தவர். புள்ளிகள் போட்ட காலில்லா அரணையான செப்சோஃபிஸ் பங்டேட்டஸை அவர் விவரித்தது 1870-இல், விசாகப்பட்டினம் பக்கத்துக் கோல்கொண்டா மலையிலிருந்து. ஹைதராபாத் கோட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு. அதே 1870-இல் அவர் விவரித்த இன்னொரு பல்லி, பாறை இடுக்கில் வாழும் பொன்னிறப் பல்லி. அது கிடைத்த இடம் திருப்பதி மலை. அன்றைக்குத் திருப்பதி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிந்த பிறகுதான் கைமாறியது. ஆக, பழைய வட ஆற்காட்டு மலைகள் அந்தக் காலத்து விலங்கியல் தேடலுக்கு நடுவில்தான் இருந்திருக்கின்றன.

செப்சோஃபிஸ் அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் யார் கையிலும் சிக்கவில்லை. அழிந்தே போயிற்றோ என்ற சந்தேகம் வலுத்திருந்த நிலையில் இந்த நூற்றாண்டில் மீண்டும் கண்டெடுத்தார்கள். அது எங்கும் போய்விடவில்லை, காலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு நடந்து தேடினால் பாம்பு தெரியும், தவளை தெரியும். மண்ணுக்குள் இருப்பது தெரியாது. கட்டையைப் புரட்டி, சருகை விலக்கி, மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திப் பார்க்க வேண்டும். இடுப்பொடிகிற வேலை, பெரும்பாலான நாள் மண்புழுதான் கிடைக்கும். ஜவ்வாது மலையில் சந்தன மரத்தை ஒவ்வொன்றாக எண்ணி நம்பர் போட்டுக் காவல் காத்திருக்கிறோம். அந்த மரத்தடி மண்ணை அதே அக்கறையோடு பார்த்ததில்லை. தமிழ்நாட்டு மலைகளில் மண்ணடி உயிர்கள் குறைவு என்றும் நினைத்துவிட வேண்டாம். சேர்வராயன் மலையிலிருந்து பெடோம் 1863-இலேயே ஒரு கேடயவால் பாம்பை விவரித்திருக்கிறார். அதுவும் மண்ணுக்குள் துளைத்து வாழும் சாதுவான பிராணிதான்.

சரி, காலில்லா அரணையையும் பாம்பையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பாம்புக்கு இமை கிடையாது, கண் திறந்தபடியேதான் இருக்கும். அரணைக்கு, கண் வெளியே தெரிகிற வகையானால், இமை மூடித் திறக்கும். நாக்கு பாம்புக்கு ஆழமாகப் பிளந்த இரட்டை நூல், அரணைக்குச் சற்று அகலமானது, நுனியில் லேசான வெட்டு மட்டும். நல்ல அடையாளம் வயிற்றில் இருக்கிறது. பெரும்பாலான பாம்புகளின் வயிற்றில் குறுக்கே அகலமான பட்டைச் செதில்கள் ஓடும். அரணைக்கு முதுகு, விலா, வயிறு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுச் செதில்தான் சுற்றிவரும். ஒவ்வொரு செதிலுக்கு அடியிலும் மெல்லிய எலும்புத் தகடு இருப்பதால் உடம்பு விறைப்பாக இருக்கும். புழுப்பாம்பு மட்டும் நம்மை ஏமாற்றும். அதுவும் பாம்புதான், ஆனால் அதன் வயிற்றிலும் சின்னச் செதில்தான், கண்ணும் வெறும் புள்ளி. அதற்கும் நம்மைக் கடிக்கத் தெரியாது. அப்புறம் வால். பிடித்தால் அரணையின் வால் ஒடிந்து துடிக்கும், பாம்பின் வால் அப்படி ஒடியாது.

இதையெல்லாம் சொல்வது படித்துவிட்டுக் கையால் எடுத்துப் பார்க்க அல்ல. கட்டுவிரியன் குட்டியும் ஒல்லியாக, பளபளப்பாகத்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் இரண்டடி தள்ளி நின்று போக விடுவதே சரி. வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் போட்டால் ஆள் வருவார்கள். ஆனால் வயலில், காட்டில், எருக்குழியில் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும் ஒன்றைத் தேடிப்போய் அடிக்க எந்த அவசியமும் இல்லை. அது கரையானையும் பூச்சிப்புழுவையும் தின்றுகொண்டு அந்த நிலத்துக்கு வேலைதான் செய்கிறது.

கம்பைவிட எனக்குப் பெரிய கவலை தீ. மாசி, பங்குனி வந்தால் வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் ராத்திரி நேரத்தில் சிவப்புக் கோடு ஊர்ந்து போவதை ஊரே பார்க்கும். ஆட்டுக்குப் புதுப்புல் வரட்டும் என்று வைப்பது, யாரோ அணைக்காமல் போட்ட பீடி, குடித்துவிட்டுப் போனவர்கள் விட்டுப்போன அடுப்பு, காரணம் எதுவாகவும் இருக்கலாம். இந்தத் தரைத்தீயில் மரம் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது. அடுத்த மழைக்குத் துளிர்த்ததும் ‘காடு திரும்பிவிட்டது’ என்று நினைத்துக்கொள்கிறோம். சருகு திரும்பவில்லை. வருஷா வருஷம் எரிந்தால் மக்கு சேரவே வழியில்லை. நிழலும் மூடாக்கும் இல்லாத மண் வெயிலில் இறுகி, முதல் மழையிலேயே மேல்மண் அரித்துப் பாலாற்றுப் பக்கம் ஓடிவிடுகிறது. மண்ணுக்குள் இருப்பது தீயில் நேரடியாக வெந்து சாகாமல்கூடத் தப்பலாம். அதற்கப்புறம் தின்னப் பூச்சியும் இல்லை, ஒதுங்க ஈரமும் இல்லை, துளைக்க இளகிய மண்ணும் இல்லை.

ஏலகிரியில் நடப்பது இன்னொரு வகை. பிளாட் போடும் இடத்தில் பொக்லைன் இறங்கி ஒரே நாளில் மேடு தட்டி, பாறை பெயர்த்து, சரிவைப் படியாக வெட்டிவிடுகிறது. நான்கு மரத்தை விட்டுவைத்துவிட்டு ‘இயற்கைச் சூழலில் வீடு’ என்று விளம்பரமும் வந்துவிடும். மேல்மண் லாரியில் போய்விட்ட இடத்தில் எத்தனை மரம் நட்டாலும் அடியில் வாழ்ந்தவை வரப்போவதில்லை, அவை வருவதற்குப் பக்கத்தில் வேறு மலையும் இல்லை.

காடு பார்க்கப் போகும் கல்லூரிப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் போனில் படம் எடுத்துப் பதிவேற்றுகிறார்கள். பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் இதனால் நல்ல பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. அதே போனை மண் பக்கமும் திருப்ப வேண்டும். அமிர்தி காட்டிலோ ஜமுனாமரத்தூர்ப் பக்கமோ நெளியும் சிறு உயிர் ஒன்று கண்ணில் பட்டால், தொடாமல், தலையின் பக்கவாட்டுத் தோற்றம், முழு உடம்பு, வால் நுனி மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அடிபட்டுச் செத்துக் கிடந்தால் குச்சியால் புரட்டி வயிற்றுப் பக்கத்தையும் எடுக்கலாம், வகை பிரிக்கிறவர்களுக்கு அது மிகவும் உதவும். கல்லையோ கட்டையையோ புரட்டினால், அடியில் இருப்பது ஒதுங்கிய பிறகு, முன்பு கிடந்த பள்ளத்திலேயே அதே பக்கம் கீழாக வரும்படி திரும்ப வையுங்கள். தலைகீழாகப் போட்டுவிட்டு வந்தால் அடியில் இருந்த ஈரம் அன்றைக்கே காய்ந்துவிடும்.